கழற்றிப் பூட்டிய பழைய கம்ப்யூட்டர்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

மலைக்கோட்டை வரும். அடுத்து, பூட்டு வரும்.

கோவில் கதவிலும், நெல் குதிரிலும், பாட்டியின் இரும்புப் பெட்டியிலும் தொங்கிய பூட்டு திண்டுக்கல் பூட்டு. 2019-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது இந்த ஊர்ச் சரக்கு' என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட முத்திரை அது.

பூட்டு என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு வேலை மட்டும் அல்ல. கதவைப் பூட்டுகிறோம். வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம். சைக்கிளைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்பவும் பூட்டுகிறோம். ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி நிற்க வைப்பதும் பூட்டுவதுதான்.

அப்படி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டிய கதை இது. பூட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வயது 84. மற்றவருக்கு வயது 20.

பரணில் இருந்த பெட்டி

84 வயதுக்காரர் என் பெரியப்பா. நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். 50 ஆண்டுகள் அரம் பிடித்த கை அவருடையது.

20 வயதுக்காரி அவருடைய பேத்தி. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். எனக்கு மகள் முறை.

அவளுடைய அப்பா, அதாவது என் அண்ணன், 1998-ம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி டி.டி.பி. சென்டர் ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அதில் தயாராகும்.

இரவில் கடையை மூடிய பிறகு அண்ணன் இன்னொரு வேலை செய்வார். தன் தகப்பனாரை எதிரே உட்கார வைத்துக்கொள்வார். அவர் சொல்லச் சொல்ல, பூட்டுத் தொழிலைப் பற்றிக் கம்ப்யூட்டரில் எழுதுவார். மாங்காய்ப் பூட்டுக்குத் தகடு எவ்வளவு கனம், லீவர் எத்தனை, சாவிக்கு வெட்டு எவ்வளவு ஆழம், அரத்தை எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தன. மொத்தம் 38 பக்கம்.

2009-ல் அண்ணன் காலமாகிவிட்டார். கடையை மூடினோம். கம்ப்யூட்டர் பரணுக்குப் போயிற்று. அண்ணன் அச்செடுத்து வைத்திருந்த ஒரே பிரதியைக் கரையான் தின்றுவிட்டது.

சென்ற ஆண்டு பேத்தி கேட்டாள். "தாத்தா, அப்பா எழுதினதை எடுத்துப் பார்க்கலாமா?"

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இறக்கு தாயி" என்றார்.

எழுத்து வந்தது, தமிழ் வரவில்லை

இறக்கிப் பார்த்தால், மழைத் தண்ணீர் இறங்கி, பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. நல்ல வேளையாக, உள்ளே பக்கவாட்டில் நின்ற மதர்போர்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

மதர்போர்டு என்றால் என்ன? மற்ற எல்லாப் பாகங்களும் வந்து சேருகிற பெரிய பலகை அது. தாய் வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேத்தி முதலில் செய்த காரியம் புத்திசாலித்தனமானது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றினாள். பழைய டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரோடு சேர்க்கும் ஒரு சிறு இணைப்புக் கருவியை வாங்கினாள். உள்ளே இருந்த எல்லாவற்றையும் முதலில் நகல் எடுத்துக்கொண்டாள். பழைய பொருளில் கை வைக்குமுன் உள்ளே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வாசகர்கள் இதை மறக்கக் கூடாது.

நகல் வந்துவிட்டது. ஆனால் திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும், கட்டமும், கொக்கியும், புள்ளியுமாக ஒரே குழப்பம்!

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்குப் பிடித்தபடி எண் கொடுத்தது. ஒருவருடைய 'அ' இன்னொருவருக்கு 'ழ' ஆகும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி இதை ஒழுங்கு செய்ய முயன்றார்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றுக்கொண்டது. அண்ணன் எழுதியதோ அதற்கெல்லாம் முந்திய முறையில்.

சில பழைய முறைகளை மாற்றிக் கொடுக்க இன்று வசதி இருக்கிறது. அண்ணன் வைத்திருந்த மென்பொருளுக்கு அப்படி ஒன்றும் எங்களுக்கு அகப்படவில்லை. அந்த மென்பொருளிலேயே திறந்தால்தான் தமிழ் தெரியும்.

அந்த மென்பொருளுக்கோ ஒரு பூட்டு!

ஆமாம், நிஜமாகவே பூட்டு. 'ஹார்டுவேர் லாக்' என்பார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி. பிரிண்டர் மாட்டும் 25 துளை இணைப்பில் அதைச் செருக வேண்டும். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். திருட்டு நகல் எடுக்காமல் இருப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு. இன்று கடையில் விற்கிற கம்ப்யூட்டர்களில் அந்த 25 துளை இணைப்பைப் பார்ப்பதே அரிது.

ஆகவே, பழைய கம்ப்யூட்டரையே எழுப்பியாக வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு பெட்டி வேண்டும்.

முதல் பெட்டி தோற்றது

பழைய இரும்புக் கடையிலிருந்து பேத்தி ஒரு காலிப் பெட்டி வாங்கி வந்தாள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மதர்போர்டை உள்ளே வைத்தால் பொருந்தவில்லை!

பின்பக்கத் திறப்பு ஓரிடத்தில், போர்டின் இணைப்பு வேறோர் இடத்தில். என்ன காரணம்?

கம்ப்யூட்டர் பெட்டிகளில் இரண்டு வம்சம் உண்டு. 1984-ல் வந்தது ஏ.டி. வம்சம். 1995-ல் இன்டெல் கம்பெனி கொண்டுவந்தது ஏ.டி.எக்ஸ். வம்சம். முதலாவதில் கீபோர்டுக்கு மட்டும் பின்னால் ஒரு வட்டத் துளை இருக்கும். மற்ற இணைப்புகள் பட்டை வயரில் தனியே வந்து பெட்டியின் பின்புறம் நிற்கும். இரண்டாவதில் எல்லா இணைப்புகளும் போர்டின் ஓரத்திலேயே கொத்தாக இருக்கும். மின்சாரம் கொடுக்கும் முறையும் இரண்டிலும் வேறு வேறு.

அண்ணனுடைய போர்டு ஏ.டி. வம்சம். வாங்கி வந்த பெட்டி ஏ.டி.எக்ஸ். வம்சம். தகட்டை வெட்டிவிடலாமா என்று பேத்தி யோசித்தாள்.

பெரியப்பா சிரித்தார். "பூட்டுக்குச் சாவி தேடு தாயி. சாவிக்காகப் பூட்டை உடைக்காதே."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நான்கு கடை ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு மூலையில் தூசி படிந்த ஏ.டி. பெட்டி கிடைத்தது.

கூடுதல் கால் ஒன்று

மதர்போர்டு தகட்டின் மேல் நேராகப் படக் கூடாது. பட்டால் மின்சாரம் வழி மாறிப் போர்டு கெட்டுவிடும். அதனால் தகட்டில் சிறு பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின் மேல் போர்டை உட்கார வைக்கிறார்கள்.

கிடைத்த பெட்டியில் ஏற்கனவே 7 கால்கள் இருந்தன. அண்ணனுடைய போர்டில் 6 துளைகள்தான். ஏழாவது கால் என்ன செய்யும்? போர்டின் அடியில், துளை இல்லாத இடத்தில், நேரே மின்பாதையை முட்டிக்கொண்டு நிற்கும்!

இதைப் பேத்தி கவனிக்கவில்லை. பெரியப்பா கவனித்தார். போர்டை வைத்தபோது ஒரு மூலை ஆடியதை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது.

"அடியிலே ஏதோ தட்டுது. எடுத்துப் பாரு" என்றார்.

எடுத்துப் பார்த்து, கூடுதல் காலைக் கழற்றிய பிறகு போர்டு சமமாக உட்கார்ந்தது.

வாசகர்களே, இதை நினைவில் வையுங்கள். முதலில் போர்டின் துளைகளை எண்ணுங்கள். பிறகு பெட்டியின் கால்களை எண்ணுங்கள். இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே போர்டை இறக்குங்கள்.

மரை மாறினால் வினை

அடுத்து வந்தது திருகுத் தொல்லை.

ஒரு டப்பா நிறையத் திருகுகள் இருந்தன. எல்லாம் ஒன்று போலவே கண்ணுக்குத் தெரியும். ஆனால் சி.டி. டிரைவில் ஒரு திருகு பாதியில் நின்றுவிட்டது. பேத்தி திருப்புளியை அழுத்தி முறுக்கப் போனாள்.

"நிறுத்து!" என்றார் பெரியப்பா.

திருகை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தார். இன்னொரு திருகைப் பக்கத்தில் வைத்தார். இரண்டின் மரையையும் சேர்த்துப் பார்த்தார். ஒன்றில் மரை நெருக்கம். மற்றதில் மரை அகலம்.

அவர் கண்டது சரி. கம்ப்யூட்டரில் வழக்கமாக இரண்டு வகைத் திருகு உண்டு. ஒன்று அமெரிக்க அளவு. 3.5 மில்லிமீட்டர் கனம். அங்குலத்துக்கு 32 மரை. மற்றது மெட்ரிக் அளவு. 3 மில்லிமீட்டர் கனம். அங்குலத்துக்கு ஏறக்குறைய 51 மரை. பெட்டியின் தகட்டுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் பெரும்பாலும் அகல மரை. சி.டி. டிரைவுக்கும் பிளாப்பி டிரைவுக்கும் பெரும்பாலும் நெருக்க மரை.

அகல மரைத் திருகை நெருக்க மரைத் துளையில் அழுத்தினால் துளை கெடும். நெருக்க மரைத் திருகை அகல மரைத் துளையில் போட்டால் பிடிப்பே இருக்காது. ஹார்டு டிஸ்க்குக்கு நீளமான திருகு போட்டால் வேறு ஆபத்து. அது உள்ளே போய்ப் பாகத்தை இடிக்கும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பெரியப்பா சொன்ன வழி இது. திருகைத் துளையில் வைத்து, முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டிக்' என்று மரை விழுவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். இரண்டு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் அது அந்தத் துளைக்கு உரிய திருகு அல்ல.

பூட்டுக்காரர் பட்டறையில் பிறந்த கம்ப்யூட்டர்

"ஏன் தாயி, எல்லாத்துக்கும் ஒரே மரை போடக் கூடாதா?" என்று பெரியப்பா கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பேத்தி இரவெல்லாம் படித்தாள். மறுநாள் அவள் சொன்ன கதை பெரியப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்று ஒரு பூட்டுக்காரர் இருந்தார். 1784-ல் ஒரு புதுமாதிரிப் பூட்டுக்கு உரிமை பெற்றார். 'இதைக் கள்ளச் சாவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்று லண்டனில் தன் கடை ஜன்னலிலேயே பூட்டைத் தொங்கவிட்டார். 1851-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர்தான் அதைத் திறந்தார். அதற்கு அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது!

அந்தப் பூட்டின் பாகங்களை ஒரே அளவாகச் செய்ய நல்ல இயந்திரங்கள் வேண்டியிருந்தன. அவற்றைச் செய்ய பிராமாவின் பட்டறைக்கு வந்தவர் ஹென்றி மாட்ஸ்லே. பின்னாளில் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்துக்குப் பேர் போனவர் இவரே. பிராமாவிடமும் மாட்ஸ்லேயிடமும் வேலை செய்தவர் ஜோசப் கிளமெண்ட்.

அந்தக் கிளமெண்டைத்தான் 1823-ல் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை தேடிப் போனார். கணக்குப் போடும் ஓர் இயந்திரம் செய்து தரச் சொன்னார். பற்சக்கரங்களால் ஆன இயந்திரம் அது. ஏறக்குறைய 25,000 பாகங்கள் வேண்டும். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும்.

1832-ல் அதில் ஏழில் ஒரு பங்கு மட்டும் பூட்டி முடிந்தது. அது நன்றாக வேலை செய்தது. ஆனால் பாபேஜுக்கும் கிளமெண்டுக்கும் பணத் தகராறு வந்தது. வேலை நின்றது. 17,000 பவுனுக்கு மேல் செலவழித்த அரசாங்கம் 1842-ல் கைவிட்டுவிட்டது.

பாபேஜ் சோர்ந்துவிடவில்லை. இன்னும் எளிமையாக இரண்டாவது இயந்திரம் ஒன்றைப் படமாக வரைந்து வைத்தார். 1871-ல் காலமானார். படம் படமாகவே இருந்தது.

நூற்றுக்கு மேல் ஆண்டுகள் கழிந்தன. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் அந்தப் படத்தைப் பார்த்து இயந்திரத்தைச் செய்யத் துணிந்தார்கள். சுமார் 4,000 பாகங்கள். பாபேஜ் காலத்தில் எவ்வளவு நுணுக்கம் சாத்தியமோ, அதற்கு மேல் போவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார்கள். பூட்டிய பிறகும் அது அடிக்கடி சிக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு சிக்கலாகத் தேடித் தீர்த்தார்கள். பாபேஜ் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1991-ம் ஆண்டு அது பிழையில்லாமல் கணக்குப் போட்டது. 31 இலக்கம் வரை விடை சொன்னது!

கிளமெண்டின் பட்டறையில் வேலை பார்த்த இன்னொருவர் ஜோசப் விட்வொர்த். அதுவரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறு வேறாக இருந்தது. 'நாடு முழுவதும் ஒரே மரை வேண்டும்' என்று 1841-ல் அளவு வகுத்துக் கொடுத்தவர் இவர்தான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிறகு தங்களுக்கென்று வேறு அளவு வகுத்துக்கொண்டன. அந்த இரண்டும்தான் இன்று ஒரே கம்ப்யூட்டருக்குள் வந்து நிற்கின்றன.

நம் நாட்டிலும் இப்படிக் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் உண்டு. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1960-ல் ஒன்றைச் செய்து முடித்தார்கள். அதில் 2,700 வால்வுகள் இருந்தன. இரும்புச் சட்டங்களில் வரிசை வரிசையாகப் பொருத்தினார்கள். 1962-ல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஆர்.நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா ஒன்றே ஒன்று சொன்னார்.

"அப்போ இது நம்ம தொழில்தான்."

எழும்பி நின்ற அட்டை

அன்று முதல் அவருக்குப் புது உற்சாகம்.

படம் காட்டும் அட்டையை ஸ்லாட்டில் செருகினார்கள். நன்றாக உட்கார்ந்தது. அட்டையின் பின்பக்கத் தகட்டைத் திருகியதும், மறுமுனை ஸ்லாட்டைவிட்டு எழும்பிவிட்டது! ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் தூக்கியது.

பழைய பெட்டியில் புது ஆள் பூட்டும்போது அடிக்கடி வரும் தொல்லை இது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். கம்ப்யூட்டரைப் போட்டால் படம் வராது.

குறை அட்டையில் இல்லை. மதர்போர்டை முன்னதாகவே இறுக்கிவிட்டதுதான் குறை. பெரியப்பா போர்டின் எல்லாத் திருகுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தச் சொன்னார். அட்டையை முழுவதும் அழுத்தி, அதன் தகட்டைப் பெட்டியோடு சேர்க்கச் சொன்னார். போர்டு தானாக ஒரு மயிரிழை நகர்ந்து இடம் பார்த்துக்கொண்டது. பிறகு மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினார்கள். அட்டை அசையவில்லை.

"எல்லாத் திருகையும் முதலில் தொடு. கடைசியில் இறுக்கு. பூட்டுக்கும் அதே வழக்கம்" என்றார்.

கறுப்பும் கறுப்பும் நடுவே

அடுத்தது ரேம் என்ற நினைவு அட்டை. அண்ணனுடைய போர்டுக்கு 72 முனை உள்ள பழைய வகை. அதை நேராக அழுத்தக் கூடாது. சாய்வாகச் செருகி, நிமிர்த்த வேண்டும். இரு பக்கமும் கொக்கி 'டக்' என்று பிடிக்கும். பென்டியம் போர்டில் இந்த வகையை ஜோடி ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் வேலை செய்யாது.

பட்டை வயரின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது ஒன்றாம் எண் ஊசியின் பக்கம். போர்டிலும் டிஸ்க்கிலும் '1' என்று எழுதியிருக்கும் பக்கத்துக்கே சிவப்புக் கோடு வர வேண்டும்.

மிகவும் ஆபத்தான இடம் மின்சார இணைப்பு. ஏ.டி. போர்டுக்கு ஒரே மாதிரி இரண்டு இணைப்பு பக்கத்தில் பக்கத்தில் வரும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துவிடும். இதற்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவே ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கறுப்பும் கறுப்பும் நடுவே!

இன்னொரு எச்சரிக்கை. ஏ.டி. பெட்டியில் 230 வோல்ட் மின்சாரம் முன்பக்க ஸ்விட்ச் வரைக்கும் வரும். அதைப் பொருத்த எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை அழைத்தோம். மின்சாரப் பெட்டியையும் பழைய டி.வி. போன்ற மானிட்டரையும் நீங்கள் ஒருநாளும் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கூவியது, படம் இல்லை

ஸ்விட்சைப் போட்டோம். விசிறி சுழன்றது. 'கீ... கீ... கீ...' என்று சத்தம் வந்தது. படம் வரவில்லை.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் நல்ல செய்தி. பிராணன் இருக்கிறது, ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று இயந்திரமே சொல்கிறது என்று அர்த்தம். முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தான்.

மின்சாரத்தை நிறுத்தினோம். வயரைப் பிடுங்கினோம். ரேமைக் கழற்றி, அதன் முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்தாள். ரப்பர்த் துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் செருகினாள். இந்தத் தடவை ஒரே ஒரு 'கீ'. திரையில் வெள்ளை எழுத்து ஓடியது!

தேதி தவறாக இருந்தது. காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்றி, எந்த டிஸ்க் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்ததும் பழைய விண்டோஸ் திரை வந்தது. அண்ணன் வைத்திருந்த ரோஜாப் பூப் படம் அப்படியே இருந்தது.

கடைசிப் பூட்டு

மென்பொருளைத் திறந்தோம். 'லாக் இல்லை' என்றது.

ஹார்டுவேர் லாக்கைப் பின்னால் செருகித்தான் இருந்தோம். ஆனால் அது முக்கால்தான் உள்ளே போயிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் மீதிக் கால் பங்கு போகவில்லை.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். இது அவருடைய கட்டம் அல்லவா?

சாவி செய்பவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார்கள். பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்த்தால், எந்த இடம் தட்டுகிறதோ அந்த இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே அரம் போடுவார்கள்.

கரி மின்சாரத்துக்கு ஆகாது. ஆகவே பெரியப்பா சாக்பீஸ் கேட்டார். லாக்கின் ஊசிகளில் படாமல், வெளிப் பிளாஸ்டிக் ஓரத்தில் மட்டும் லேசாகத் தடவினார். மெதுவாகச் செருகி எடுத்தார். ஒரு மூலையில் நகக்கண் அளவு சாக்பீஸ் அழிந்திருந்தது.

பெட்டியின் தகட்டு விளிம்பு அங்கே துருத்திக்கொண்டு இருந்தது. அதுதான் தடை!

பேத்தி அரத்தை எடுத்துக் கொடுத்தாள். பெரியப்பா வாங்கவில்லை. "எல்லாத்தையும் கழற்று" என்றார்.

"மறுபடியுமா தாத்தா?"

"இரும்புத் தூள் உள்ளே விழுந்தா என்ன ஆகும்? நீதானே சொன்னே, தகடு பட்டாலே கெட்டுடும்னு?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். அரம் போடுவதானால் காலிப் பெட்டியில்தான் போட வேண்டும். கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வெறும் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். பெரியப்பாவின் கை நடுங்கும். ஆனால் அரம் பிடித்தபோது நடுங்கவில்லை. பதினைந்து இழுப்பு. பிறகு துணியால் துடைத்து, தூள் இல்லாமல் தட்டிக் கொடுத்தார்.

திரும்பப் பூட்ட முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. இந்தத் தடவை பேத்தியின் கையே பழகிவிட்டது.

லாக்கைச் செருகினாள். முழுவதும் போயிற்று.

மென்பொருள் திறந்தது. 38 பக்கமும் தமிழில் வந்தது.

மூன்றாம் பக்கம்

பேத்தி வாசிக்க, பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் பக்கம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"தப்பு. அந்தத் தகடு அவ்வளவு கனம் இல்லை. நான் சொன்னதை உங்க அப்பன் மாத்தி எழுதிட்டான்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "படி தாயி, படி. இன்னும் எங்கெங்கே தப்பு விட்டிருக்கான்னு பார்ப்போம்" என்றார்.

இப்போது தினமும் மாலையில் அதுதான் வேலை. பழைய திரையைப் பார்த்து, புதிய கம்ப்யூட்டரில் யூனிகோடு தமிழில் அவள் திரும்ப எழுதுகிறாள். பெரியப்பா திருத்துகிறார். பக்கம் 38-ஐத் தாண்டி 50-ஐ எட்டிவிட்டது. மூன்று இடங்களில் நகல் வைத்திருக்கிறாள். கரையானுக்கு இனி வேலை இல்லை.

நாகல் நகரில் கையால் பூட்டுச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டு எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள் வயோதிகர்கள் ஆகிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். பரணில் ஒரு பழைய பெட்டியும் இருக்கலாம். பெரியவர் இருக்கும்போதே அதை இறக்குங்கள்.

கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டும்போது பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த குறிப்புகள் உங்களுக்கும் உதவும்:

1. முதலில் உள்ளே இருப்பதை நகல் எடு.

2. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் படம் பிடி.

3. பெட்டியும் போர்டும் ஒரே வம்சமா என்று பார்.

4. துளைகளை எண்ணு. கால்களை எண்ணு.

5. திருகு விரலால் இரண்டு சுற்றுப் போகாவிட்டால், அது வேறு திருகு.

6. எல்லாவற்றையும் தளர்வாகத் தொடு. கடைசியில் இறுக்கு.

7. போர்டைத் தொடும் முன், பெட்டியின் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தைப் போக்கு.

8. அரம் போடுவதானால் காலிப் பெட்டியில் போடு.

ஒன்பதாவதாகப் பெரியப்பா தம் கையாலேயே எழுதியிருக்கிறார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் விஷயம் நேர்:

9. போகவில்லை என்றால் அழுத்தாதே. எங்கே தட்டுகிறது என்று பார்.